குடித்துக் காட்டியவன்

தூத்துக்குடி,
18-4-1974

தம்பி ஜேசுபாதத்துக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலில் வேன் நிற்கிறது. சாவி அதிலேயே தொங்குகிறது. பின்னால் ஒன்பது பெட்டி கலர் சோடா இறக்காமல் கிடக்கிறது. உன்னைக் காணோம். கேட்டால் சாத்தான்குளம் பஸ் ஏறினாய் என்றார்கள். பதினாறு வருஷம் என்னோடு இருந்தவன் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்திருக்கலாம். கிருபாபாயோடு மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தால் நான் வந்து கூப்பிடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ.

பாட்டில் கழுவுகிற பெண்கள் முன்னால் நான் சத்தம் போட்டது உண்மை. போடாமல் என்ன செய்ய? சாத்தான்குளம் தாணுலிங்கம் அண்ணாச்சி எனக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்கிறார்: "ஒம்ம தம்பி பாட்டில உடைச்சாரு, கையில வச்சுப் பாத்தாரு, பெறவு வேப்பமரத்து மூட்டுல ஊத்திட்டாரு. நாலு பேரு பாத்துட்டு நின்னாங்க. கம்பெனிக்காரனே குடிக்க மாட்டேங்கானே, இதுல என்ன எழவு கெடக்கோன்னு கேக்கான்." இரண்டு நாளில் அந்த லைன் கடைகளில் இருந்து பதினான்கு பெட்டி திரும்பி வந்துவிட்டது.

நம் தொழில் எங்கே நிற்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு முத்துக்குளிப்பில் கடற்கரையில் நாம் இரண்டு பேரும் பந்தல் போட்டுக் கலர் விற்றோம். அதில் சாக்கரின் கலந்திருக்கிறது, குடித்தால் தண்ணீருக்குள் மூச்சு நிற்காது என்று எவனோ கிளப்பிவிட்டான். ஒரு குளியாளும் பந்தல் பக்கம் வரவில்லை. "ஏலே, அவனுவ முன்னால நின்னு நீ குடிச்சுக் காட்டுலே" என்றேன். நீ வரிசையாக மூன்று குடித்தாய். சாயங்காலத்துக்குள் சரக்குத் தீர்ந்தது. சிப்பி மார்க் கலர் என்றால் சுத்தச் சீனி என்று இந்தக் கரை முழுக்கப் பெயர் வாங்கியது அப்படித்தான். கடைக்கு ஒரு பாட்டில், கடைக்காரன் முன்னால் நம் ஆள் குடித்துக் காட்டுவது. அதைப் போய் மரத்தடியில் ஊற்றியிருக்கிறாய்.

எந்தக் கம்பெனிக்காரன் உன்னைக் கூப்பிட்டான்? அதை மட்டும் எழுது. உன் லைனுக்கு மணப்பாட்டுப் பையன் ரோச்சைப் போட்டுவிட்டேன்.

பொன்னுதுரை


சாத்தான்குளம்,
27-4-1974

அண்ணன் அவர்களுக்கு ஜேசுபாதம் எழுதுவது.

என்னை ஒரு கம்பெனிக்காரனும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் இப்போது என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒரு வருஷமாகவே எனக்கு உடம்பு சரியில்லை. வெட்கத்தில் சொல்லவில்லை. ஆத்தூர் போவதற்குள் மூன்று இடத்தில் வேனை நிறுத்தி ஒதுங்குவேன். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறவர்கள், "என்ன அண்ணாச்சி, நாங்க தண்ணி பாய்ச்சுததுக்கு முன்னாலயே நீரு பாய்ச்சுதீரு" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. போன தண்ணீருக்கு ஈடாகத் தாகம் எடுக்கும். நாக்கு அட்டையாக ஒட்டிக்கொள்ளும். வேனில் தண்ணீரா இருக்கிறது? கலர்தான். குடித்தால் கொஞ்சம் அடங்கும். பிறகு முன்னைவிட அதிகமாகத் தாகிக்கும். இன்னொன்று குடிப்பேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் இங்கே லைன் வந்தபோது, கிருபாபாய் என்னை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் என் மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடாக்கினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. ஆரஞ்சு கலருக்கு நாம் எசன்ஸ் அறையில் பார்த்துப் பார்த்துக் கொண்டுவருகிற நிறம். எனக்கு அதுதான் தோன்றியது.

டாக்டர் கேட்டார், என்ன குடிப்பீர் என்று.

"கலர், ஐயா. கடைக்கு ஒண்ணு."

"ஒரு நாளைக்கு எத்தன கடை?"

"பன்னிரண்டு. திருவிழாச் சமயத்துல இருவது."

"ஒரு பாட்டில்ல எவ்வளவு சீனி போடுதீங்க?"

"ஆறு டீஸ்பூன் கணக்கு வரும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தினம் எழுவத்திரண்டு கரண்டி. ஒரு தட்டுல குமிச்சுக் குடுத்தா தின்பீராவே?" என்றார். இந்த வியாதிக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வம்சத்திலும் இருக்கலாம், ஆனால் எரிகிற அடுப்பில் தினமும் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர் என்றார். சர்க்கரை வியாதி என்று சீட்டில் எழுதினார்.

அங்கிருந்து நேரே தாணுலிங்கம் கடைக்குத்தான் போனேன். பாட்டிலை உடைத்துக் கையில் வைத்தபோது தட்டில் குவித்த சீனி கண்ணில் பட்டது. அதனால் ஊற்றினேன். உங்கள் பெயரைக் கெடுக்க ஊற்றவில்லை.

இரண்டு காலிலும் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கிறது. காலுறை போட்டுத் தரையில் நடக்கிற மாதிரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரோச் சின்ன வயசுக்காரன், கலியாணம் ஆகாதவன். அவனைக் குடிக்கச் சொல்லாதீர்கள். விற்கட்டும். குடிக்க வேண்டாம்.

ஜேசுபாதம்


தூத்துக்குடி,
8-5-1974

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன். இவ்வளவுதான் என்னால் எழுத வரும்.

ஆனால் டாக்டர் சொன்னதை நான் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. நம் அப்பா கலரைக் கண்ணால் பார்த்தவரில்லை. அவருக்கும் கடைசி காலத்தில் காலில் புண் ஆறாமல் இருந்தது. அதற்கு யார் மேல் பழி போடுவது? இந்த ஊரில் ஆயிரம் பேர் நம் கலரைக் குடிக்கிறான். எல்லாரும் ஆஸ்பத்திரியிலா கிடக்கிறான்? கலியாண வீட்டில் கலர், சீர் கொண்டுவருகிறவனுக்குக் கலர், பெண் பார்க்க வருகிறவனுக்குக் கலர். கெட்ட பொருளை எவனாவது விருந்தாளிக்குக் கொடுப்பானா?

ரோச் விஷயம். இது மே மாசம். வருஷத்தில் பாதி வியாபாரம் இந்த இரண்டு மாசத்தில்தான். நீ ஊற்றினதால் உடைந்த பெயர் இப்போதுதான் மெல்ல ஒட்டிவருகிறது. இந்த நேரத்தில் குடித்துக் காட்டுவதை நிறுத்தினால் தாணுலிங்கம் சொன்னது சரி என்று ஆகிவிடும். ரோச் கடலில் கிடந்து வளர்ந்தவன், இரும்பு மாதிரி இருக்கிறான். "அண்ணாச்சி, சம்பளமும் குடுத்து கலரும் குடுக்கீங்க, இதுக்கு மேல பரலோகத்துல என்ன கெடைக்கும்" என்கிறான். ஆடி வரட்டும், பார்க்கலாம்.

நீ லைனுக்குப் போகவேண்டாம். எசன்ஸ் அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார். அளவு பார்க்க உன்னைவிட ஆள் இல்லை.

நம் மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். சீனிதான் ஆகாதாம், கருப்பட்டி குளிர்ச்சியாம், ஒன்றும் செய்யாதாம். உடன்குடியில் சொல்லி ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். காப்பிக்கு அதைப் போட்டுக் குடி. நல்ல சரக்கு, புதுசு.

பொன்னுதுரை


சாத்தான்குளம்,
2-7-1974

அண்ணன் அவர்களுக்கு,

பதில் எழுத இரண்டு மாசம் ஆகிவிட்டது. நீங்கள் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை.

கருப்பட்டி வந்தது. டாக்டரிடம் கேட்டேன். "சீனிக்குக் கறுப்புச் சட்டை போட்டா கருப்பட்டி. ஒம்ம ரத்தத்துக்குச் சட்டை தெரியாது" என்றார். கிருபாபாய் அதை உடைத்துத் தெருவுக்குப் பங்கு வைத்துவிட்டாள். காப்பிக்கு எனக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுக்கிறார்கள். என்ன மாத்திரை என்று சீசாவைப் பார்த்தேன். சாக்கரின். கடற்கரையில் எதைப் போடவில்லை என்று நிரூபிக்கக் குடித்தேனோ, அதைத்தான் இப்போது மருந்து மாதிரி எண்ணிப் போட்டுக்கொள்கிறேன். கிருபாபாயிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசி தினமும் அவள்தான் போடுகிறாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். மருந்துக் குப்பியை ஈர மணல் நிரப்பின பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். கை நடுங்காது. பிள்ளைகள் சிலேட்டில் எழுத்துத் திருத்துகிற மாதிரி நேராகக் குத்துவாள்.

இனி எழுதுவதை நீங்கள் அவளிடம் சொல்லக்கூடாது.

நான் கலரை விடவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதும் தாணுலிங்கம் கடைப் பின்பக்கம் போவேன். ஒன்று. சில நாள் இரண்டு. ருசிக்காக இல்லை அண்ணன். பதினாறு வருஷம் பத்து மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று என்று போன உடம்பு. அந்த நேரம் வந்தால் கை தேடுகிறது. குடித்தால் சந்தோஷமும் இல்லை. குடிக்காவிட்டால் அன்றைக்கு நாளே தொடங்குகிறதில்லை.

மே கடைசியில் அந்தப் பின்பக்கத்தில் செருப்பைக் கழற்றிப்போட்டு நின்றேன். வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். மூன்றாம் நாள் கிருபாபாய் தரையைக் காட்டி, "இது என்ன ரத்தம்?" என்றாள். நான் நடந்த இடமெல்லாம் இருந்தது. காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு துண்டுக் கண்ணாடி. கட்டைவிரல் நகம் அளவு. மூன்று நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அவள் பிடுங்கும்போதும் தெரியவில்லை. அவள்தான் அழுதாள். பாட்டில் கண்ணாடி. நம் பாட்டிலா, வேறு பாட்டிலா என்று தெரியவில்லை.

புண் ஆறாமல் போன வாரம் அந்தக் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதுவும் வலிக்கவில்லை.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு முழுப் பாட்டில் கலர் குடித்து நான் பார்த்ததில்லை. எசன்ஸ் அறையிலும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிடுவீர்கள். ஏன் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆடி பிறக்கப் போகிறது. ரோச்?

ஜேசுபாதம்


தூத்துக்குடி,
11-7-1974

தம்பிக்கு,

நான் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாய். எனக்கு இனிப்பு பிடிக்காது. சின்ன வயசில் இருந்தே. வேறு காரணம் இல்லை. உனக்குப் பிடிக்குமா என்று நான் கேட்டதும் இல்லை. பந்தலில் நீ நின்றாய், உன்னைச் சொன்னேன். அங்கே வேறு ஆள் நின்றிருந்தால் அவனைச் சொல்லியிருப்பேன்.

ரோச் குடிப்பது திங்கட்கிழமையோடு நின்றது. அவனைக் கூட்டிப்போய் நீ சொன்ன நீல மருந்துப் பரிசோதனை செய்து பார்த்தேன். நீலமாகவே இருந்தது. "என்ன அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்லியே, பெறவு ஏன் நிப்பாட்டுதீங்க, நான் என்ன குத்தம் செஞ்சேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காரணம் சொன்னேன். போய் வேனில் உட்கார்ந்தான். இப்போது கடைக்காரனையே ஒரு பாட்டில் எடுக்கச் சொல்லி, அவனையே உடைத்துக் குடிக்கச் சொல்கிறோம். விற்பனை ஒன்றும் குறையவில்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஒன்றுமே குறையவில்லை.

தாணுலிங்கத்துக்குப் போன் போட்டேன். என் தம்பிக்குக் கலர் கொடுக்கக்கூடாது என்றேன். அவர் சொல்கிறார்: "அண்ணாச்சி, மனுசன் வந்து நின்னு கேக்கான். எனக்கு முன்னால நின்னு எத்தன வருசம் குடிச்சுக் காட்டுனவன். அவன்கிட்ட இல்லன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுதீரு?"

அதனால் ஒரு முடிவு செய்தேன். இந்த வாரத்தில் இருந்து சாத்தான்குளத்துக்கு நம் வண்டி வராது. ஒரு கடைக்கும் ஒரு பாட்டிலும் கிடையாது. இருக்கிற காலிப் பாட்டிலையும் வாரிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன். கையில் கிடைத்தால்தானே குடிப்பாய்.

காலைப் பார்த்து வை. வீட்டுக்குள்ளும் செருப்பு போடு.

பொன்னுதுரை


சாத்தான்குளம்,
20-8-1974

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் வண்டியை நிறுத்தின எட்டாம் நாள் வேறு கம்பெனி லாரி வந்தது. தாணுலிங்கம் கடையில் நம் பெட்டி இருந்த அதே இடத்தில் அவன் பெட்டி. அதே ஆரஞ்சு, அதே பச்சை. குடித்துப் பார்த்தேன். அடிநாக்கில் கசக்கிறது. நம்முடையது மாதிரி சுத்தச் சீனி இல்லை. இருந்தாலும் குடிக்கிறேன்.

நீங்கள் எனக்காகச் செய்தீர்கள் என்று தெரியும். ஒரு லைனையே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. அதை நினைத்தாவது நான் விட்டிருக்க வேண்டும்.

விரல் எடுத்த இடம் ஆறவில்லை. கறுப்பு மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி. பாளையங்கோட்டையில். இடது கால். டாக்டர் சொல்லும்போது வேறு யாருடைய காலையோ பற்றிப் பேசுகிறார் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். வேன் ஓட்டும்போது கிளட்சு மிதிக்கிற கால் என்று மட்டும் நினைத்தேன்.

கிருபாபாய் உங்களுக்கு எழுதச் சொல்கிறாள், அத்தான் வந்தால் தைரியம் என்கிறாள். நான் வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உங்கள் வசதி.

ஜேசுபாதம்


தூத்துக்குடி,
16-9-1974

தம்பிக்கு,

பஸ்ஸில் வரும்போதே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். இங்கே வந்ததும் மணப்பாட்டுச் சிலுவைத் திருவிழாச் சரக்கு, அப்படியே நாள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நான்கு நாள் இருந்தேன். நாம் பேசினது பத்து வார்த்தை இருக்குமா? போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்து, "அண்ணன், வெளிய வெயிலா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

உன்னைச் சாத்தான்குளத்தில் கொண்டு விட்ட அன்றைக்குச் சாயங்காலம் உன்னைப் பார்க்க ஆள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பதினோரு பேர். பார்க்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று கிருபாபாய் கலர் வாங்கிவரச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அது மரியாதை. கால் போனவன் கட்டிலைச் சுற்றி நின்று பதினோரு பேரும் குடித்தார்கள். "சக்கர வியாதியாமே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே குடித்தார்கள். நீ ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய் நின்றேன்.

இன்னொன்றை நான் மறைக்கப் போவதில்லை. சாத்தான்குளத்துக்கு மறுபடி வண்டி விட்டுவிட்டேன். நிறுத்தினதால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எவனோ ஒருவன் விற்கிறான், நான் விற்கிறேன். என் கம்பெனியில் முப்பத்திரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். நீ என்னைத் திட்டினால் சரி என்று கேட்டுக்கொள்வேன்.

ஆனால் நீ விட வேண்டும். இன்னொரு கால் இருக்கிறது, கண் இருக்கிறது, கிட்னி என்கிற மூத்திரக்காய் இருக்கிறது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விரல் விட்டு எண்ணினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ ஒளித்துக் குடிப்பதைக் கிருபாபாயிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ விட்டுவிட்டாய் என்று ஒரு வரி எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

பொன்னுதுரை


சாத்தான்குளம்,
3-2-1975

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட ஒரு வரியை ஐந்து மாசமாக எழுதப் பார்க்கிறேன். பொய் எழுத வரவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் புகை அடைக்கிறது. கோட்டின் மேல் எழுதுகிறேனா, கோட்டுக்கு வெளியே எழுதுகிறேனா என்று தெரியவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை வெயிலில் பிடித்துத்தான் வாசித்தேன். இனி உங்கள் கடிதத்தைக் கிருபாபாய் வாசிப்பாள், நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுவாள். என் கையால் எழுதுவது இதுதான் கடைசி. பக்கத்து வீட்டுக்காரர் தபாலில் சேர்ப்பார்.

நான் இப்போது கடைக்குப் போக முடியாது. தாணுலிங்கம் கடையடைத்துவிட்டுத் தினமும் வருகிறார். கையில் ஒரு பிளாஸ்க். சீரகத் தண்ணீர் என்று கிருபாபாயிடம் சொல்லி வைத்திருக்கிறார். மூடி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளும் பக்கத்திலேயே நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள். "தாணுலிங்கம் அண்ணாச்சி மாதிரி மனுசன் கெடைக்கணுமே, சொந்தக்காரன்கூட இப்பிடி வர மாட்டான்" என்று அவரைப் புகழ்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர் மேல் தப்பில்லை. நான் கேட்டேன். ஒரு நாள் வேண்டாம் என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். மறுநாள் கொண்டுவந்துவிட்டார்.

எவ்வளவு ஊசி போட்டும் ஏன் குறையவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. தான் மருந்து அளப்பதில் தப்பு இருக்கிறது என்று நினைக்கிறாள். விடியும் முன்னால் எழுந்து ஊசியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டை எண்ணுவது எனக்குக் கேட்கிறது. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் சொல்வாள்.

ஆகவே இனி எழுதும்போது பார்த்து எழுதுங்கள். மழை, உப்பளம், கம்பெனி, ரோச் கலியாணம் என்று எழுதுங்கள். அவள் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜேசுபாதம்


தூத்துக்குடி,
14-2-1975

அன்புள்ள தம்பி ஜேசுபாதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மழை இல்லை. உப்பளத்தில் இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்கிறார்கள். புதுத் துறைமுகத்தில் தினமும் கப்பல் நிற்கிறது, லாரிச் சத்தத்தில் கம்பெனியில் போன் பேச முடியவில்லை. ரோச்சுக்கு மணப்பாட்டிலேயே பெண் பார்த்திருக்கிறது, பெண் பெயர் ஆக்னஸ். அவன் வேனுக்கு ஆயுதபூஜை மாதிரி தினமும் மாலை போடுகிறான். மாதா கோபித்துக்கொள்வாள் என்று சொன்னால், "மாதாவுக்குத் தனி மாலை அண்ணாச்சி" என்கிறான்.

நீ எழுதச் சொன்னது இவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

கிருபாபாய், இதுவரை வாசித்தது அவனுக்கு. இனி உனக்கு. நிறுத்தாமல் சத்தமாகவே வாசி. அவனும் கேட்கட்டும். அவன் முதுகுக்குப் பின்னால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை வருஷத்தில் உன் முன்னால் நின்று நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். முறை அப்படி. இப்போது முறை பார்த்தால் ஆகாது.

நீ ஊசியில் மருந்து அளப்பது சரியாகத்தான் இருக்கிறது. உன் கையில் ஒரு தப்பும் இல்லை. தாணுலிங்கம் பிளாஸ்கில் கொண்டுவருவது சீரகத் தண்ணீர் இல்லை. கலர். போன சித்திரையில் உங்கள் வீட்டுக்கு வந்ததில் இருந்து உன் புருஷன் ஒரு நாள்கூட விடவில்லை. கண்ணாடி குத்தினதும் தாணுலிங்கம் கடைப் பின்பக்கத்தில்தான். எனக்கு ஆனி மாசமே தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவன் கேட்டான். நானும் சொல்லவில்லை. அதில் இருந்து இரண்டு மாசத்துக்குள்தான் காலை எடுத்தார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் கால் நின்றிருக்குமா, தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

அவனைத் திட்டாதே. அவனுக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்கினவன் நான். கடை கடையாக நின்று குடி என்று சொன்னவன் நான். நான் குடிக்காமல் அவனைக் குடிக்க வைத்தேன். இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது.

தாணுலிங்கத்தோடும் சண்டை போடாதே. இன்றைக்குச் சாயங்காலம் அவர் வரும்போது பிளாஸ்கை நீ கையில் வாங்கிக்கொள். திறந்து முற்றத்தில் ஊற்று. வெறும் பிளாஸ்கை அவரிடம் திருப்பிக் கொடு. நாளைக்கும் கொண்டுவந்தால் நாளைக்கும் ஊற்று. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பான். படுக்கட்டும். பேச மாட்டான், இரண்டு நாள் சாப்பிடவும் மாட்டான். நீ ஊசியைப் போடு. டாக்டர் கொடுத்த அளவைக் கூட்டாதே, குறைக்காதே. பிளாஸ்க் நின்றது என்று டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிடு. இனிப்பு நின்ற உடம்பில் அதே மருந்து அதிகமாகிவிடும், மயக்கம் வரும் என்று இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னை அவன் மன்னிக்க மாட்டான். உனக்கும் சொல்லாத ஒன்றை என்னை நம்பித்தான் சொன்னான். அதை நான் விற்றுவிட்டேன் என்று நினைப்பான். நினைக்கட்டும். உயிரோடு இருந்து நினைக்கட்டும்.

இந்த இடத்துக்கு வந்ததும் அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. அவன் இனி எனக்கு எழுதச் சொல்ல மாட்டான். நீ எழுது.

பொன்னுதுரை